பள்ளத் தெருக் குழாயும் அறுபத்திரண்டு மேற்கோள்களும்

பள்ளத் தெருக் குழாய்த் தண்ணீரில் காரீயம் கலந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கக் குடுவையாருக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. அதை ஓர் ஆய்விதழில் முறைப்படி சொல்லி முடிப்பதற்குள் அவருடைய தலைமுடி பாதி நரைத்து, மீதி உதிர்ந்துவிட்டது.

குடுவையார் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர், வகுப்புக்குள் நுழையும்போதே கையில் ஒரு கண்ணாடிக் குடுவை இருக்கும், மாணவர்கள் வைத்துவிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயருக்கு என்ன கதி நேர்ந்தது என்பது பின்னால் வரும்.

அவருடைய அக்கா பள்ளத் தெருவில் குடியிருந்தாள். அக்காவின் பெண்கள் இருவரும் வயிற்றுவலி, வயிற்றுவலி என்று அடிக்கடி சுருண்டு படுத்தார்கள். பெரியவள் நேற்று ஒப்பித்த பாடத்தை இன்று கேட்டால் திருதிருவென்று விழித்தாள். குழாய்க்குப் பின்னாலேயே பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் பட்டறை ஒன்று இருந்தது. குடுவையாருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்தார். முடிவு காரீயம் என்றது. நம்பாமல் திரும்பத் திரும்பச் சோதித்தார். காரீயம் அசைந்து கொடுக்கவில்லை.

"நீ சொன்னா எனக்குப் போதும்டா தம்பி," என்று அன்றிலிருந்தே அக்கா மேட்டுத் தெருப் பொதுக் கிணற்றுக்கு நடக்க ஆரம்பித்தாள். ஏற்றம், இறக்கம், இடுப்பில் குடம். "ஆனா தெருவுல சொன்னா சிரிக்கிறாங்க. குழாய் மேல 'பரிசோதிக்கப்பட்ட குடிநீர்'னு நகராட்சி பலகை மாட்டியிருக்கு. உன் பேச்சை நம்புவாங்களா, பலகையை நம்புவாங்களா?"

குடுவையார் நகராட்சிக்குப் போனார். குடிநீர்ப் பொறியாளர் மரியாதை தெரிந்தவர். நாற்காலி போட்டு உட்கார வைத்து, சோதனை முடிவுகளைக் கடைசி வரை கேட்டார்.

"நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம் சார். ஆனா இது எங்க வந்திருக்கு?"

"தண்ணியில வந்திருக்கு."

"அதைக் கேக்கல. ஆய்விதழ்ல வந்திருக்கா? வந்தா அது உண்மை. வராம வெளியில சொன்னா அது வதந்தி. வதந்தி பரப்புறவங்க மேல எந்தப் பிரிவுல கேஸ் போடணும்னு எனக்கு மனப்பாடம்." பொறியாளர் இதை மிரட்டலாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். நகராட்சி ஏற்றுக்கொள்ளும் ஒரே ஆய்விதழின் பெயரையும் அவரே எழுதிக் கொடுத்தார். "அதுல வரட்டும். வந்த அன்னிக்கே மூடிடுறேன். என் வார்த்தையை நம்புங்க."

பொறியாளர் சொன்ன சொல் தவறாதவர். அதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

குடுவையார் கட்டுரையை ஆறே பக்கத்தில் எழுதி அனுப்பினார். சுருக்கமான கட்டுரை: தண்ணீர் எங்கே எடுக்கப்பட்டது, எப்படிச் சோதிக்கப்பட்டது, எவ்வளவு காரீயம், யாருக்கு ஆபத்து. கடைசியில், ஆதாரமாகக் கொண்ட பழைய ஆய்வுகளின் பட்டியலாகப் பன்னிரண்டு மேற்கோள்கள். சில வாரங்களில் அது திரும்பி வந்தது. கூடவே ஒரு குறிப்பு: "தங்கள் கட்டுரையின் உள்ளடக்கத்தை நாங்கள் பார்க்கவில்லை. மேற்கோள் பட்டியல் விதிப்படி அமையாததால் பார்க்க வேண்டிய அவசியம் எழவில்லை."

விதி என்பது நடைக் கையேடு என்ற ஒரு புத்தகம். செங்கல் கனம். அதன்படி ஆண்டை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும்; போட்டார். இதழின் பெயரைச் சாய்வெழுத்தில் தர வேண்டும், தந்தார். மறுபடியும் அனுப்பினார், மறுபடியும் வந்தது. இந்த முறை கட்டுரை எழுதியவரின் பெயரே தவறாம். படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தை அவர் காலியாக விட்டிருந்தார். அவருடைய வம்சத்தில் யாருக்கும் அப்படி ஒன்று இருந்ததில்லை. தன் பெயர் உண்டு, அப்பா பெயரின் முதலெழுத்து உண்டு, அவ்வளவுதான்.

மூன்றாம் முறையும் திரும்பி வந்தபோது குடுவையார் கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டு நேரிலேயே கிளம்பிவிட்டார்.

ஆய்விதழ் அலுவலகம் ஒரு நீளமான அறை. வரிசையாக மேசைகள். முதல் மேசை காற்புள்ளிக்கு. அடுத்தது முற்றுப்புள்ளிக்கு. ஜன்னலோரம் இருந்த மேசை சாய்வெழுத்துக்கு. வெளிச்சம் வேண்டும் என்பதால் அங்கே போட்டிருந்தார்கள். அரைப்புள்ளி மேசை காலியாக இருந்தது. அதைக் கவனிப்பவர் நீண்ட விடுப்பில் இருந்ததால், அரைப்புள்ளி இடம்பெற்ற கட்டுரைகள் அனைத்தும் ஒரு பீரோவுக்குள் அவருக்காகக் காத்திருந்தன. கட்டுரையைப் படிப்பதற்கென்று மேசை இருக்கிறதா என்று குடுவையார் கண்ணால் தேடினார். இல்லை.

எல்லா மேசைகளுக்கும் தலைவர் மேற்கோள் அலுவலர். கழுத்தில் மூக்குக் கண்ணாடிக்குப் பதிலாகப் பூதக்கண்ணாடி தொங்கியது.

"பாருங்க," என்று அவர் பட்டியலின் மேல் அதைப் பிடித்தார். "இந்தக் காற்புள்ளி சாஞ்சிருக்கு."

"இதழ் பேரைச் சாய்வெழுத்துல போடணும்னுதானே சார் விதி?"

"பேர் சாயணும். பேருக்குப் பக்கத்துல நிக்கிற காற்புள்ளி ஏன் சாயணும்? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

குடுவையார் குனிந்து பார்த்தார். அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஜன்னலோரத்து ஊழியர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, நோயாளியின் வீட்டாரிடம் மருத்துவர் தலையசைப்பதைப் போல் தலையசைத்தார்.

"சார், அந்தத் தண்ணியில காரீயம் இருக்கு. குழந்தைங்க குடிக்கிறாங்க," என்றார் குடுவையார். குரல் அவரையும் மீறி உயர்ந்துவிட்டது.

"அதுக்கு என்ன ஆதாரம்?"

"நானே சோதிச்சேன்."

"நீங்க சொல்றதுக்கு நீங்களே ஆதாரமா? நல்லா இருக்கே கதை! வேற யாராவது முன்னாடி சொல்லியிருக்காங்களா?"

"யாரும் சொல்லல. அதனாலதான் ஆராய்ச்சி பண்ணேன்."

"யாருமே சொல்லாததை நீங்க மட்டும் எப்படி சார் சொல்லலாம்?" அலுவலர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். பிறகு சிவப்புப் பேனாவால் முதல் வரியில் ஒரு வட்டம் போட்டார். "'மக்கள் இந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள்'னு எழுதியிருக்கீங்க. மக்கள் தண்ணி குடிப்பாங்கன்னு யார் சொன்னது? மேற்கோள் வேணும். அப்புறம், பன்னிரண்டெல்லாம் பத்தாது. குறைஞ்சது அறுபது இருந்தாத்தான் இங்க கட்டுரைன்னே பேரு. உள்ளூர் ஆய்வு ஒண்ணாவது கட்டாயம்."

"என் பேர்ல என்ன சார் தப்பு?"

"குடும்பப் பேர் இல்லையே. அப்பா பேரைக் கடைசியில போடுங்க. கடைசியில எது வருதோ அதுதான் குடும்பப் பேர். பட்டியல்ல அதுதான் முன்னாடி வரும். உங்க பேரு ஒத்தை எழுத்தா சுருங்கிடும்."

"அப்போ எழுதினது எங்க அப்பான்னு ஆயிடாதா?"

"அவர் எந்தத் துறை?"

"டெய்லர் சார். போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு."

"பரவாயில்ல. காலமானவங்களுக்குத் தனியா விதி இருக்கு. ஆனா அது எழுதின பிறகு காலமானவங்களுக்கு. காலமான பிறகு எழுதினவங்களுக்கு இன்னும் வரல." அலுவலர் இதை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார், அடுத்த பதிப்பில் சேர்ப்பதற்காக.

அன்று மாலை அக்கா வீட்டுத் திண்டாட்டத்தோடு இவர் திண்டாட்டமும் சேர்ந்துகொண்டது. சின்னவள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கிணற்றுத் தண்ணீர்தான். ஆனால் விளையாடிவிட்டு வரும் வழியில் குழாயில் வாய் வைத்துவிட்டாளாம். அக்கா அவளுக்கு முதுகைத் தடவிக்கொண்டே, "எப்படா வரும் உன் கட்டுரை?" என்றாள்.

"காற்புள்ளி சாஞ்சிருக்காம்."

"சாஞ்சா நிமித்தி வச்சுட்டு வர வேண்டியதுதானே? அதுக்கு இவ்வளவு நாளா?"

"அப்பா பேர்லதான் வருமாம்க்கா."

"அப்பா பேர்லயா? அவர் தையல் மெஷினை விட்டு எழுந்திரிச்சதே இல்லையேடா, எப்ப ஆராய்ச்சி பண்ணாரு?" அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. குடுவையாருக்கு எரிச்சல் மட்டும்தான் வந்தது.

அவர் நூலகங்களில் தவம் கிடந்தார். மனிதர்கள் தண்ணீர் குடிப்பதற்கு ஓர் ஆதாரம் பிடித்தார். தண்ணீர் மேலிருந்து கீழே ஓடுவதற்கு இரண்டு பிடித்தார். உள்ளூர் ஆய்வு ஒன்று வேண்டுமே என்று தூசு தட்டித் தேடியதில், 'மேட்டுத் தெருப் பொதுக் கிணறு: ஒரு நீர்த்தர ஆய்வு' என்று ஒன்று அகப்பட்டது. என்றோ ஒருவர் அந்தக் கிணற்றைச் சோதித்து, இதைவிட நல்ல தண்ணீர் இந்த ஊரில் கிடையாது என்று எழுதியிருந்தார். குடுவையார் அதை நாற்பத்தொன்றாம் மேற்கோளாகச் சேர்த்தார். மொத்தம் அறுபத்திரண்டு ஆயிற்று. ஒவ்வொரு காற்புள்ளியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிமிர்த்தி, அனுப்பினார்.

அது வரிசையில் காத்திருந்தபோது நடைக் கையேட்டின் புதிய பதிப்பு வந்துவிட்டது. ஆண்டை அடைப்புக்குறிக்குள் போடுவது இனி குற்றம். அறுபத்திரண்டு அடைப்புக்குறிகளையும் எடுத்தார். எடுத்து அனுப்பியதும், புதிய பதிப்பைப் பயன்படுத்துவோர் மேற்கோள் தூய்மைப் பயிலரங்கில் கலந்துகொண்ட சான்றிதழை இணைக்க வேண்டும் என்று பதில் வந்தது. போனார். வேறு வழி?

பயிலரங்கில் முதன்மைப் பதிப்பாசிரியரே பேசினார். பருத்த உடம்பு, கனிந்த குரல்.

"அன்பார்ந்த ஆய்வாளர்களே! நான் இந்தப் பொறுப்புக்கு வந்த நாளிலிருந்து ஒரு கட்டுரையைக்கூட மேற்கோள் பட்டியலைத் தாண்டிப் படித்ததில்லை. இதை நான் பெருமையோடு சொல்கிறேன். படித்தால் என்ன ஆகும்? 'அடடா, நல்ல விஷயமாச்சே' என்று தோன்றும். தோன்றினால் மனம் இளகும். மனம் இளகினால் ஒரு முற்றுப்புள்ளியைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவோம். அப்புறம் அறிவுலகம் என்னாவது? கருத்து இன்று வரும், நாளை தவறென்று போகும். எத்தனையோ கருத்துகள் போய்விட்டன! ஆனால் நம் இதழில் ஒரு காற்புள்ளி தவறென்று இதுவரை யாராவது நிரூபித்ததுண்டா?"

கைதட்டல் ஓயவே நேரமாயிற்று. குடுவையாரும் தட்டினார். தட்டாதவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது என்று பக்கத்தில் இருந்தவர் சொல்லியிருந்தார்.

ஒருவழியாக ஏற்பு வந்தது. "தங்கள் மேற்கோள் பட்டியல் குறையற்றது" என்று ஒரே வரி. குடுவையார் அதை அக்காவிடம் ஓடிப்போய்க் காட்டினார். அக்கா பெண்களைக் கூப்பிட்டு, "மாமா ஜெயிச்சுட்டாருடி," என்றாள்.

இதழ் அச்சாகி வந்தது. பிரித்தார். முதல் பக்கத்தின் உச்சியில் 'நீர்: சில குறிப்புகள்' என்று தலைப்பு. தலைப்பில் இடப்பெயரும், வாசகரைக் கலவரப்படுத்தும் வேதிப்பொருளும் வரக்கூடாது என்பது விதி. அதற்குக் கீழே டெய்லராக இருந்து காலமான அப்பாவின் பெயர், கொட்டை எழுத்தில். அதற்குக் கீழே ஒன்றாம் மேற்கோள். புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் மேற்கோள். மூன்றில் மேற்கோள். அறுபத்திரண்டாவது மேற்கோளோடு கட்டுரை முடிந்தது.

குடுவையார் இதழைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கூடப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. தொலைபேசியை எடுத்தார்.

"சார், கட்டுரை எங்க?"

"வந்திருக்கே! அருமையா வந்திருக்கு," என்றார் முதன்மைப் பதிப்பாசிரியர்.

"மேற்கோள் மட்டும்தான் சார் வந்திருக்கு."

"ஓ, அதைச் சொல்றீங்களா? ஆறு பக்கத்துக்கு மேல போகக்கூடாதுன்னு விதி. உங்க மேற்கோளே ஆறு பக்கம். எதையாவது வெட்டணும். மேற்கோளை வெட்ட விதியில இடமில்ல. நடுவுல இருந்ததை எடுத்துட்டோம். இவ்வளவு சுத்தமான கட்டுரையை நாங்க போட்டதே இல்ல சார். இந்த வருஷப் பரிசுக்கே சிபாரிசு பண்ணியிருக்கேன், உங்க அப்பா பேருக்கு."

குடுவையார் ரிசீவரை வைத்தார். கத்த வேண்டும் போல இருந்தது. யாரிடம் கத்துவது என்று தெரியவில்லை. சரி, வந்தது என்றாவது ஆயிற்றே, பொறியாளரிடம் நேரில் போய் வாயால் விளக்கிவிடலாம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு சட்டையை மாட்டினார். அதற்குள் அக்காவே வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் வெறும் குடம்.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"என்னக்கா?"

"மேட்டுத் தெருக் கிணத்துக்கு மூடி போட்டுப் பூட்டிட்டாங்க. ஆராய்ச்சியில வந்துடுச்சாம்!"

பொறியாளர் சொன்ன சொல் தவறவில்லை. இதழ் வந்த அன்றே வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தேடியிருக்கிறார். அதில் இருந்த ஒரே தெருவின் பெயர் நாற்பத்தொன்றாம் மேற்கோளில் இருந்தது. மூடிவிட்டார்.

"அந்தத் தெரு சனம் பூரா இப்ப எங்க குழாயில வந்து நிக்குதுடா," என்றாள் அக்கா. "நான் எங்க போவேன்? சொல்லு, நான் எங்க போவேன்?"

குடுவையார் நகராட்சிக்கு ஓடினார். அது நல்ல கிணறு என்றார். வந்திருக்கிறதே என்றார் பொறியாளர். கெட்டது பள்ளத் தெருக் குழாய் என்றார். வரவில்லையே என்றார் பொறியாளர். ஆய்விதழுக்கு ஓடினார். திருத்தம் போடலாம், தாராளமாகப் போடலாம் என்றார் மேற்கோள் அலுவலர். ஆனால் திருத்தமும் ஒரு கட்டுரைதான், அதற்கும் குறைந்தது அறுபது மேற்கோள் வேண்டும், அரைப்புள்ளி ஊழியர் வேறு இன்னும் விடுப்பிலிருந்து திரும்பவில்லை.

இதற்கிடையில் பள்ளத் தெருவில் கூட்டம் தாங்கவில்லை என்று நகராட்சி சுறுசுறுப்பாகப் பழைய குழாய்க்குப் பக்கத்திலேயே இன்னொரு குழாய் போட்டது. அதற்கு யாரும் எந்த ஆதாரமும் கேட்கவில்லை. திறப்பு விழாவுக்குக் குடுவையார்தான் சிறப்பு விருந்தினர். பந்தல் போட்டு, மைக் வைத்து, இரண்டு தெரு ஜனமும் குடத்தோடு வரிசையில் நின்றது.

"இந்தச் சாரோட ஆராய்ச்சியாலதான் ஒரு ஆபத்தான கிணத்தை மூடி, உங்களையெல்லாம் காப்பாத்த முடிஞ்சது!" என்று பொறியாளர் முழங்கினார். புதுக் குழாயைத் திருகி ஒரு டம்ளர் நிரப்பினார். "முதல் டம்ளர் அவருக்குத்தான்!"

குடுவையார் டம்ளரை வாங்கிக்கொண்டார். பளிங்கு மாதிரி இருந்தது தண்ணீர். மைக் அருகே போய், "இதைக் குடிக்காதீங்க. இதுல காரீயம் இருக்கு," என்றார்.

வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "எங்க வந்திருக்கு சார்?"

கையில் இதழ் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டப் போனவர், காட்டி என்ன ஆகப்போகிறது என்று நிறுத்திக்கொண்டார். பொறியாளர் கலகலவென்று சிரித்து, "சார் ரொம்பத் தமாஷானவர்!" என்று அந்த டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி மடமடவென்று தானே குடித்துவிட்டு, தண்ணீரின் சிறப்புகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கூட்டம் கைதட்டியது.

குடுவையார் மேடையிலிருந்து இறங்கினார். வரிசையின் ஓரத்தில் அக்கா வெறுங்குடத்தோடு, சின்னவளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வேற எங்கயாவது நல்ல தண்ணி இருக்காடா?"

இருந்தது. கல்லூரியில் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பழைய கிணறு. பின்பக்கக் கேட்டை யாரும் பூட்டுவதில்லை. அன்று காலையில்தான் அதைச் சோதித்திருந்தார், சுத்தமான தண்ணீர். அதைப் பற்றி எந்தக் கட்டுரையிலும், எந்தப் பட்டியலிலும், எவரும் ஒரு வரிகூட எழுதியதில்லை. வாயைத் திறந்தவர், பொறியாளர் காதில் விழுந்துவிடுமோ என்று பயந்து, குனிந்து அக்காவின் காதில் மட்டும் சொன்னார்.

என்ன ஆதாரம் என்று அக்கா கேட்கவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றினாள். போகிற போக்கில் முன்னால் நின்றவளின் தோளைத் தொட்டு, காதருகே குனிந்தாள். "இந்தத் தண்ணி சரியில்லன்னு சொல்லிக்கிறாங்க. நல்ல தண்ணி காலேஜ் பின்பக்கக் கிணத்துல இருக்காம்."

"அப்படியா? யார் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்லிக்கிறாங்க."

அவள் அடுத்தவளிடம் குனிந்தாள். அடுத்தவள் அதற்கு அடுத்தவளிடம். குடுவையார் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய அறுபத்திரண்டு மேற்கோள்களும் நகர்த்தாத வரிசை ஓரத்திலிருந்து மெல்லக் கரைய ஆரம்பித்தது. பொறியாளர் கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடித்துக் கண்ணைத் திறந்தபோது, பந்தலில் இரண்டு குழாய்களும் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தன. எதன் கீழும் ஒரு குடம்கூட இல்லை.